கையெழுத்துக்குக் கீழே தேதி

ஜனவரி 16, செவ்வாய்

புது நோட்டு. பவதாரணி வாங்கிக் கொடுத்தது. பொங்கலுக்கு நான்கு நாள் லீவில் வந்திருக்கிறாள். என் மகன் அய்யனாருக்கு ஒரே பிள்ளை. டாக்டருக்கு மூன்றாம் வருடம் படிக்கிறாள். வந்ததும் வராததுமாகப் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு படித்துப் படித்துச் சிரித்தாள்.

"தேதி, கெழமை எல்லாம் போட்டு கவர்மெண்டு ஆபீஸ் மாதிரி எழுதுற அப்பத்தா."

அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் தேதி போடாமல் எழுதுவாளா? கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லாவிட்டால் அது செல்லாது என்று எங்கள் ராசம்மா டீச்சர் சொல்லிக் கொடுத்தார். இந்த ஊரில் என் வயதுப் பொம்பளைகளில் கைநாட்டு வைக்காதவள் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

மதியம் சாப்பிட்டதும் பவா என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, ஸ்டெத்தை நெஞ்சில் வைத்துக் கேட்டாள். முதுகில் வைத்தாள். வயிற்றை அமுக்கினாள். நாக்கை நீட்டச் சொன்னாள்.

"காலேஜ்ல இப்படித்தான் பாப்பீங்களா?" என்றேன்.

"அங்க ஆளு எங்க அப்பத்தா? வார்டுல கட்டில்தான் கெடக்கு. எங்களுக்குப் பொம்மை."

"பொம்மைக்கு நெஞ்சு அடிக்குமா?"

"சுவிட்ச் போட்டா அடிக்கும். எங்க பொம்மை போன வருசத்துலருந்து ரிப்பேரு."

இரண்டு பேரும் சிரித்தோம். என் நெஞ்சு நன்றாக இருக்கிறதாம். "லப் டப்புன்னு கடிகாரம் மாதிரி ஓடுது. நூறு வருசம் இருப்ப" என்றாள். சுப்புத்தாய் மதினி வாசலில் நின்றாள். அவளுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

பிப்ரவரி 5, திங்கள்

நூறு நாள் வேலை. பெரிய கண்மாய்க் கரை. காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். கம்மங்கூழ் கொண்டுபோனது போதவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

கண்மாய். மண் சுமந்தேன். கரை ஏறும்போது மூச்சு வாங்குகிறது. வயது அறுபத்தாறு, வாங்காமல் என்ன செய்யும்.

பிப்ரவரி 8, வியாழன்

கண்மாய். சுப்புத்தாய் மதினி நிழலில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்துத் தூங்கினாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

சாயங்காலம் கணேசபாண்டியன் வந்தான். போன வருடம் இலவச மருத்துவ முகாம் என்று சொல்லி எங்கள் எல்லோரிடமும் ஆதார் கார்டு ஜெராக்ஸ் வாங்கிப் போனவன். பவா படிக்கிற கல்லூரிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது அவன்தான்.

"திங்கக்கெழம டெல்லிலருந்து ஆய்வுக்கு வாராங்க பெரியம்மா. கட்டில் காலியாக் கெடந்தா காலேஜுக்கு அனுமதி கெடையாது. அனுமதி இல்லைன்னா பவா பாப்பா படிப்பு அந்தரத்துல நிக்கும். ஒரே ஒரு பகல் வந்து படுத்து எந்திரிக்கணும். அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு சேலை, மதியம் பிரியாணி."

"சீக்கு இல்லாதவங்க படுக்கலாமா?" என்றாள் மதினி.

"நீ சும்மாவே படுத்துத்தான கெடக்க அத்தை! அங்க ஃபேன் காத்துல கெடக்கப் போற."

சேலைக்கும் பிரியாணிக்கும் போகிற ஆள் நான் இல்லை. பேத்தி படிப்பு என்றதால் முதல் பெயராக என் பெயரை எழுதச் சொன்னேன்.

பிப்ரவரி 12, திங்கள்

விடிந்ததும் வேன் வந்தது. நாற்பத்திரண்டு பேர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டூர் போகிற மாதிரி ஒரே சத்தம். நான் நல்ல சேலை கட்டியிருந்தேன். "சீக்காளி மாதிரியா வந்திருக்கீங்க?" என்று ஒரு நர்ஸ் பிள்ளை பச்சை அங்கியைக் கொடுத்து மாற்றச் சொன்னது.

எனக்கு இரண்டாவது மாடி, பதினான்காம் கட்டில். கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கியது. எல்லாம் இங்கிலீஷ். எனக்கு என்ன நோய் என்று கேட்டேன்.

"பித்தப்பைல கல்லு. கேட்டா வலது பக்கம் வலிக்குதுன்னு சொல்லணும். வந்து ஒம்பது நாளாச்சு. மறந்துராதீங்க."

மதினிக்கு நாற்பது நாள் காய்ச்சல். "எனக்கு மட்டும் எதுக்குடி இம்புட்டுக் காய்ச்சல்?" என்று சண்டை பிடித்தாள்.

கோட்டுப் போட்ட பெரிய டாக்டர் ஒருவர் வேகமாக வந்தார். அந்த வார்டுக்கே தலைமை டாக்டராம், நான்கு வருடமாக அங்கே இருக்கிறாராம். பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், "பெண்கள் வார்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அந்த அம்மா விளக்குமாற்றாலேயே திசையைக் காட்டியது.

பிறகு ஆபீஸ்காரன் ஒரு கட்டுத் தாளும் மைப்பெட்டியும் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளச் சம்மதம் என்கிற தாளாம். எல்லோர் விரலையும் பிடித்துப் பிடித்து அமுக்கினான். என் விரலையும் பிடித்தான். கையை உதறினேன்.

"பேனா குடு தம்பி. எனக்குக் கையெழுத்துத் தெரியும்."

வேண்டாவெறுப்பாகக் கொடுத்தான். ச. குருவம்மாள் என்று முழுசாக எழுதி, கீழே தேதியும் போட்டேன். அவன் பார்க்கவில்லை, மதினி விரலுக்குப் போய்விட்டான்.

பத்து மணிக்கு மாணவப் பிள்ளைகள் கட்டிலுக்கு இரண்டு பேராக வந்து நின்றார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்தில் பவதாரணி.

வெள்ளைக் கோட்டில் அவளை இதுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். கழுத்தில் ஸ்டெத். தலையை ஏற்றி வாரியிருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் வருவது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. பார்த்ததும் முகம் வெளுத்து, அட்டையைத் தூக்கிக்கொண்டு அதைப் படிக்கிற மாதிரி நின்றாள். நானும் தெரியாதவளாக இருந்துகொண்டேன். அந்த இடத்தில் அப்படித்தானே இருக்க வேண்டும்.

ஆய்வுக்கு வந்தவர்கள் நான்கு பேர். தலைவராக வந்தவர் கட்டில்களைப் பார்க்கவே இல்லை. கல்லூரி முதலாளி அவர் தோளில் கைபோட்டுச் சாப்பிட அழைத்துப் போனார். கண்ணாடி போட்ட ஒரு அம்மா மட்டும் தங்கிவிட்டார். தமிழ் பேசினார்.

மதினியிடம், "என்னம்மா செய்யுது?" என்று கேட்டார்.

"வேன்ல வந்தது கொமட்டுது தாயி" என்றாள் மதினி.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்தார். வலது பக்கம் வலி, ஒன்பது நாள் என்று சொல்லிக்கொடுத்த மாதிரியே பிசகாமல் சொன்னேன். பிறகு அவர் பவாவைப் பார்த்து ஏதோ இங்கிலீஷில் கேட்டார். திரும்பக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரியாணியில் உப்புக் கூட. சேலை நாளைக்குத் தருவார்களாம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

பவா போன் பண்ணவில்லை. நான் பண்ணினேன், எடுக்கவில்லை. பரீட்சை இருக்கும்.

பிப்ரவரி 27, செவ்வாய்

கல்லூரிக்கு அனுமதி கிடைத்துவிட்டதாம். கணேசபாண்டியன் ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தான். சேலை வரவில்லை.

மார்ச் 4, திங்கள்

கண்மாயில் மண்கூடையோடு கரை ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். விழுந்தேன் என்று மதினி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 7, வியாழன்

மதினியோடு மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். ஒன்றுமில்லை. சத்துக் குறைவாம். பஸ்ஸில் நல்ல கூட்டம்.

மார்ச் 19, செவ்வாய்

டிவியில் கல்லூரியைக் காட்டினார்கள். ஆய்வுக்குத் தலைவராக வந்த ஆளைக் கைது செய்திருக்கிறார்கள். பல கல்லூரிகளில் கை நீட்டிப் பணம் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுத்திருக்கிறார். இல்லாத டாக்டர்களை இருப்பதாகவும், படுக்காத நோயாளிகளைப் படுத்ததாகவும் எழுதியிருக்கிறார்களாம். இனிமேல் டாக்டர்கள் தினமும் முகத்தைக் காட்டி வருகைப் பதிவு செய்ய வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வருவார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். எங்கள் கல்லூரிக் கோப்புகளையும் மறுபடி பிரித்திருக்கிறார்களாம்.

அய்யனார் சோற்றில் கை வைத்தபடி டிவியைப் பார்த்தான்.

"யாராச்சும் வந்து கேட்டா வாயத் தொறக்காதம்மா. கெணத்தடிக் காட்ட வித்துச் சேத்த படிப்பு. காலேஜ மூடிட்டா பிள்ளை கதி?"

"நான் எதுக்குடா வாயத் தொறக்கப் போறேன்."

"நீ பெருமைக்குச் சொல்லிருவ. ஒன்னய எனக்குத் தெரியாதா?"

பெற்ற மகன் பேசுகிற பேச்சு.

மார்ச் 21, வியாழன்

பவா போன் பண்ணினாள். அவள் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"அப்பத்தா, நம்ம ஊருக்கு விசாரணைக்கு வாராங்களாம். நெசமாவே பித்தப்பைக் கல்லுன்னு சொல்லிரு."

"ஒம்பது நாளும் அங்கயே இருந்தேன்னா?"

"ஆமா. இன்னும் ரெண்டரை வருசந்தான் அப்பத்தா. சர்டிபிகேட் கைக்கு வந்துட்டா போதும், அப்புறம் நான் எங்கயாச்சும் வேலைக்குச் சேந்து எல்லாத்தையும் கத்துக்கிருவேன்."

"யாரை வச்சுக் கத்துக்கிருவ?"

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை. அவள் மூச்சுச் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு அந்த அம்மா ஒங்கிட்ட என்ன கேட்டுச்சு?" என்றேன்.

"இந்தப் பேஷண்ட நீ பரிசோதிச்சியா, என்ன கண்டுபிடிச்சன்னு கேட்டாங்க."

மார்ச் 24, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கீழத்தெருவில் பாட்டுச் சத்தம். அய்யனார் சாத்தூருக்குப் போயிருக்கிறான். உளுந்து புடைத்து முடித்துவிட்டேன். வேறு வேலை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மார்ச் 7 அன்று எழுதியது பொய். பவா லீவுக்கு வந்தால் படிப்பாள் என்று பயந்து எழுதினேன். நடந்தது இது.

பெரியாஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், தரையில் பாய் விரித்து நான்கு பேர். சின்ன வயது டாக்டர் ஒருவர் என் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தார். வைத்த மாத்திரத்தில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"எத்தனை நாளா மூச்சு வாங்குது பாட்டி?"

"போன தீபாவளிலருந்து."

பக்கத்தில் நின்ற மாணவப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக வைத்துப் பார்க்கச் சொன்னார். ஆறு பிள்ளைகள் வரிசையாக வைத்தார்கள். ஆறு பேருக்கும் கேட்டது. கடைசியாக வைத்தது ஒல்லியான ஒரு பெண்பிள்ளை. "சார், இரைச்சல் கழுத்து வரைக்கும் கேக்குது" என்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கிற மாதிரி வச்சிட்டேனா பாட்டி?" என்று கேட்டது.

நெஞ்சுக்குள் ரத்தம் வெளியே போகிற கதவு ஒன்று இறுகிப்போய், சரியாகத் திறக்கவில்லையாம். ரத்தம் முட்டி மோதிப் போவதுதான் அந்த இரைச்சல். மாத்திரை கொடுத்தார். படம் எடுக்கவும் ஆபரேஷனுக்கும் தேதி சொல்கிறேன் என்றார். மண் சுமக்கக் கூடாதாம்.

"இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. முன்னாடி யாருமே நெஞ்சுல வச்சுப் பாக்கலையா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னேன்.

வெளியே வரும்போது அந்தப் பெண்பிள்ளையிடம் எத்தனையாவது வருடம் படிக்கிறாய் என்று கேட்டேன். மூன்றாம் வருடம்.

பஸ்ஸில் மதினி ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. லப் டப், கடிகாரம் மாதிரி ஓடுகிறது என்று என் பேத்தி சொன்னாள். பொய் சொல்லவில்லை, அவளுக்குக் கேட்டதைச் சொன்னாள். கேட்க வேண்டியது என்ன என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. நோயாளி படுக்க வேண்டிய கட்டிலில் நாங்கள் போய்ப் படுத்துக்கொண்டோம். முதல் பெயர் என் பெயர்.

மார்ச் 26, செவ்வாய்

இதைப் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடி போட்ட அம்மா எதிரே காத்திருக்கிறார். பெயர் டாக்டர் மங்கையர்க்கரசி. எழுதி முடித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சரி, எழுதுங்க என்றார்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். காலையிலிருந்து எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லோரும் நெசமாகவே சீக்கு என்று சொன்னார்கள். மதினி கூட நாற்பது நாள் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே கணேசபாண்டியன் பீடி குடித்துக்கொண்டு நின்றான். நானும் அதையே சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்றுதான் போனேன். மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் தாளை எடுத்து வைத்து, "இது நீங்க போட்ட கையெழுத்தாம்மா?" என்றார்.

"ஆமா."

"நாப்பத்தோரு தாள்ல கைநாட்டு. பழைய தேதியை ஆபீஸ்ல எழுதிக்கிட்டாங்க. இந்த ஒண்ணுலதான் கையெழுத்தும் தேதியும் ஒரே கையில இருக்கு. ஆஸ்பத்திரியில சேந்தது பிப்ரவரி மூணுன்னு மேல இருக்கு. நீங்க சம்மதம் போட்டது பன்னெண்டு. காலேஜ்ல இதுக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடுத்திருக்காங்க."

"என்னன்னு?"

படித்துக் காட்டினார். படிப்பறிவில்லாத கிழவி, தேதி தெரியாமல் தப்பாகப் போட்டுவிட்டார் என்று எழுதியிருந்தது.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "நான் தேதி தப்பாப் போடுறவ இல்லை" என்றேன்.

"பன்னெண்டுதானா அது?"

அதற்குப் பதில் சொன்னால் எல்லாம் போய்விடும் என்று தெரியும். சொல்லாமல், "அந்தக் காகிதத்துல என் நெஞ்சைப் பத்தி ஏதும் எழுதியிருக்கா?" என்று கேட்டேன்.

புரட்டிப் பார்த்தார். "ஒம்பது நாளும் எழுதியிருக்காங்க. நெஞ்சு நல்லா இருக்கு, சத்தம் சுத்தமா இருக்குன்னு. தலைமை டாக்டர் கையெழுத்து."

வழி கேட்ட டாக்டர்.

"கொஞ்சம் இரு தாயி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் இந்த நோட்டை எடுத்து வந்தேன். பிப்ரவரி ஐந்து, ஆறு, எட்டு, மூன்று நாளும் நான் கண்மாயில் இருந்ததைக் காட்டினேன். நூறு நாள் வேலை போட்டோவையும் பாருங்கள் என்றேன். பன்னிரண்டாம் தேதியையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது எனக்கு வேணும்மா."

"அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சுத் தரவா?"

"கிழிச்சா செல்லாது. பின்னாடி சேத்ததுன்னு சொல்லிருவாங்க. நோட்டு முழுசா வேணும்."

"என் பேத்தி படிக்கிற மாதிரி வருமா?"

"மாணவர்களையும் விசாரிக்கணும். காட்ட வேண்டி வரலாம்."

மார்ச் 24-ஐத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த ஒரு தாள் இல்லாமல் கொடுத்தால் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அப்பத்தா நூறு வருடம் இருப்பாள்.

இன்னும் இரண்டரை வருடத்தில் அவளுக்குச் சர்டிபிகேட் வரும். பிறகு யாரோ ஒருத்தி கரை ஏறும்போது கண் இருட்டி அவள் முன்னால் வந்து உட்காருவாள். இவள் ஸ்டெத்தை வைப்பாள்.

தாளைக் கிழிக்கவில்லை. தேதி சரி. நான் தப்பாகப் போடவில்லை.

ச. குருவம்மாள்
26-3

ஏப்ரல் 22, திங்கள்

செட்டியார் கடையில் வாங்கிய நோட்டு. கோடு போட்டது. பழைய நோட்டு திரும்பி வரவில்லை.

கல்லூரி அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். பிள்ளைகளை வேறு கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்புவார்களாம். எந்தக் கல்லூரி, எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்குமாம். அனுப்பவே மாட்டார்கள், கோர்ட்டில் கிடக்கும் என்றும் பேசிக்கொள்கிறார்கள்.

பவா பெட்டியோடு வந்துவிட்டாள். நான்கு நாளாகிறது. அவளும் பேசவில்லை, அய்யனாரும் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார்கள். தெருவில் கணேசபாண்டியன் என்னைப் பார்த்து, "டாக்டரம்மா அப்பத்தா போறாக, வழி விடுங்கப்பா" என்கிறான். மதினி அவனைப் பார்த்து எச்சில் துப்பினாள். ஆனால் அவளும் என்னிடம் முன்போல் பேசுவதில்லை. அவள் சொன்ன நாற்பது நாள் காய்ச்சல் பொய்யென்று ஆகிவிட்டதே.

ஆபரேஷன் தேதி இன்னும் சொல்லவில்லை. மாத்திரை பன்னிரண்டு இருக்கிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

காலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பவா வந்து எதிரே உட்கார்ந்தாள். கழுத்தில் ஸ்டெத்தை மாட்டியிருந்தாள்.

"விசாரணைல அந்த மேடம் ஒன் நோட்டப் படிக்கக் குடுத்தாங்க" என்றாள்.

கீரையைக் கீழே வைத்தேன்.

"ஏன் அப்பத்தா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ என்னத்தா செய்வ? அழுவ."

அவள் அழவில்லை. ரவிக்கைக் கொக்கியைக் கழற்றச் சொன்னாள். நெஞ்சில் வைத்தாள். பொங்கலுக்கு வைத்த மாதிரி வைத்து எடுக்கவில்லை. வைத்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். இடம் மாற்றினாள். தெருவில் தண்ணீர்க் குடங்களோடு வண்டி போனது. அது போய் முடியும் வரை காத்திருந்தாள்.

"கேக்குதா?" என்றேன்.

தலையை ஆட்டினாள். கேட்கிறது என்றா, கேட்கவில்லை என்றா, எனக்குப் புரியவில்லை.

"ஏதோ இருக்கு அப்பத்தா. எது என்னன்னு எனக்குத் தெரியல." ஸ்டெத்தைக் காதிலிருந்து எடுத்துவிட்டு இன்னொரு தடவை சொன்னாள். "எனக்குத் தெரியல."

மூன்று வருடமாக எதைக் கேட்டாலும் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை.

கொக்கியை மாட்டப் போனேன். மாட்டாமல் கையை எடுத்துவிட்டேன்.

"இன்னொருக்க வச்சுப் பாரு" என்றேன். "கழுத்துப் பக்கம் வையி. அங்கதான் அந்தப் பிள்ளைக்குக் கேட்டுச்சு."